வீரம்மா விரட்டிய காக்கா

இலங்கை மலையகத்தில் கந்தப்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், துரையின் மனைவியான பங்களாத் தொரசாணிக்குக் குருவிப் பைத்தியம். தேயிலைப் பெட்டிப் பலகையை அறுத்து, குருவி நுழையுமளவு ஓட்டை போட்டு, ஏழு கூடு செய்வித்து சவுக்கு மரங்களில் ஆணியடித்து வைத்திருந்தாள். புல்வெளி நடுவில் கம்பம் நட்டு ஒரு தட்டு. தினமும் அதில் ரொட்டித் துண்டு, தேங்காய்ப்பூ, வாழைப்பழம். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பிள்ளைகள் ரொட்டிக்கு அடித்துக்கொள்ள, இங்கே குருவிக்கு விருந்து! யாரிடம் போய்ச் சொல்ல?

தட்டை நிரப்புவது பங்களா வேலைக்காரி வீரம்மா வேலை. அதிலென்ன கஷ்டம்? காக்கா விரட்டுவதுதான் அவள் உயிரை வாங்கியது. காக்கா வந்தால் சின்னக் குருவி வராதாம். காலையிலிருந்து பொழுது சாயும்வரை, "ச்சூ, சனியனே, ஓடு!" கம்பும் வீசுவாள், கல்லும் எறிவாள். ஐந்து மாதத்தில் தோள்பட்டை விட்டுப்போனது.

அன்று அவள் புருசன் நல்லமுத்துவுக்குத் திதி. மலையில் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது காய்ச்சலில் விழுந்தவன், போய் மூன்று வருசம். லீவு கேட்டு வாங்கி, பச்சரிசிச் சோறும் பருப்பும் வாழைக்காய்ப் பொரியலும் ஆக்கி, லயத்துத் தகரக் கூரையில் இலையை வைத்துக் கூப்பிட்டாள்.

"கா... கா..."

லயத்துப் பக்கத்துச் சவுக்கு மரத்தில் காக்கா இருந்தது. அவளைப் பார்த்ததும் பறந்தது. மறுபடி கூப்பிட்டாள். மறுபடி பறந்தது. காக்கா வாய் வைக்காமல் வீட்டில் யாரும் சாப்பிடக்கூடாது. காலையிலிருந்து பச்சைத்தண்ணி பல்லில் படவில்லை. பனி இறங்கி, இலையில் சோறு சில்லிட்டுப்போனது.

"அவுகளுக்கு எம்மேல என்னடி கோவம்? காய்ச்சல்னதும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகலைன்னா?" லயத்து அறை வரிசையில் அடுத்த காம்பராவில் இருந்த பூரணியிடம் கேட்டு, அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

பூரணிக்கு விசயம் புரிந்தது. "கோவமுமில்ல, ஒண்ணுமில்லக்கா. தினம் கல்லெறிஞ்சா ஒன்னையக் கண்டா எப்படிக்கா வரும்? நீ உள்ள போயிக் கதவச் சாத்து. நான் கூப்பிடுறேன்."

வீரம்மா உள்ளே போய் அடுப்போரம் இருட்டில் குந்தினாள். கொஞ்ச நேரத்தில் தகரத்தில் நகம் கீறும் சத்தம் கேட்டது.

"வந்திருச்சுக்கா! மூணு காக்கா!"

"என் புருசனுக்கு நானே ஒளிஞ்சிருந்து சோறு போடுற நிலைமையா ஆயிருச்சே!" என்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அப்புறம் ஒரு பிடி சாப்பிட்டாள்.

மறுநாள் காலை தட்டில் ஒரு காக்கா. வராந்தாவிலிருந்து தொரசாணி கத்தினாள், "வீரம்மா! காக்கா!"

கம்பை எடுத்தாள். கை எழவில்லை. வேலை போனால் காம்பராவும் போகும். கம்பைத் தாழ்த்திப் பிடித்தபடி கிட்டே போனாள்.

"போயிருங்க... தொரசாணி பாக்குறாங்க. பொழுது சாய லயத்துக்கு வாங்க, நான் சோறு..."

அவள் சொல்லி முடிக்கும்வரை காக்கா நிற்கவில்லை.