பஞ்சாட்சரத்தைப் பாவு போட்டது

கற்பூரத்தை ஏற்றிக் கையில் கொடுங்கள், அணைத்துச் சத்தியம் செய்யத் தயார்: இதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை.

சாமி தூக்குகிற விஷயத்தில் திருஞானசம்பந்தத்துக்கு இரண்டு தோள். ஒன்று அவருடையது. மற்றது பஞ்சாட்சரத்தினுடையது. தெருக்கோயில் சுப்பிரமணியர் பல்லக்கில் புறப்படும்போது, முன்வரிசையில் வலது தண்டுக்கு இவர், இடது தண்டுக்கு அவர். இருபத்திரண்டு வருஷம். இருவரும் ஒரே உயரம் என்பதால், பல்லக்கில் ஏற்றிவைத்த அகல் விளக்கில் ஒரு சொட்டு எண்ணெய் ததும்பியதில்லை.

அப்படிப்பட்ட பஞ்சாட்சரம் தை மாதக் கடைசியில் ஒரு நாள் நெய்துகொண்டிருந்த தறிக்குழியிலிருந்து எழுந்தவர், பாதி எழுந்த நிலையிலேயே நின்றுவிட்டார். அன்று முழுக்க அவர் குனிந்தபடி தெருவில் நடந்ததில், எதிரே வந்தவர்களெல்லாம் பதிலுக்கு வணக்கம் சொல்லிச் சொல்லிக் கை ஓய்ந்துபோனார்கள்.

ஸ்கேன் பார்த்த டாக்டர், "வட்டு பிதுங்கியிருக்கு. ஆபரேஷன் இப்போ வேணாம், பிசியோதெரபி செஞ்சு பார்ப்போம்" என்றார். பஞ்சாட்சரத்தின் காதில் விழுந்தது ஆபரேஷன் மட்டும்தான்.

"முதுகைக் கிழிச்சுட்டா அப்புறம் எவன்பா என் தோள்ல தண்டு வைப்பான்" என்றார் வெளியே வந்து. கூடப் போயிருந்த சம்பந்தத்துக்கு அதைவிடப் பயம். பங்குனி உத்திரத்துக்கு இரண்டு மாதம்கூட இல்லை.

பிசியோதெரபி பார்க்கிற பெண்ணின் பெயர் லுப்னா. பஞ்சாட்சரத்தைப் படுக்க வைத்து, காலைத் தூக்கிப் பார்த்து, விரலை அசைக்கச் சொல்லிவிட்டு, சுவரில் தொங்கிய முதுகெலும்புப் படத்தைக் காட்டினாள்.

"முப்பது வருஷமா குனிஞ்சே உக்காந்திருக்கீங்க அங்கிள். இங்க கேப் கொறஞ்சு நரம்ப அழுத்துது."

சம்பந்தம் படத்தை உற்றுப் பார்த்தார். அவருடைய தொழில் பாவு போடுவது. நெய்வதற்கு முன், விடிகாலையில் தெரு நீளத்துக்குப் பட்டிழைகளை நீட்டி, கஞ்சி தெளித்து, இரண்டு பக்கமும் கயிற்றால் இழுத்துக் கட்டிச் சீராக்குகிற வேலை.

"சுருங்கிப் போச்சுன்னா நீட்டணும். அவ்ளோதானேமா?"

"இல்ல அங்கிள். எக்சர்சைஸ் இருக்கு."

"அது இருக்கட்டும். நாங்க கயிறு கட்டி இழுத்துக்கிறோம்."

"வேணாம்னு சொன்னா கேப்பீங்களா?"

"கேக்க மாட்டோம்மா."

லுப்னா பேனாவைத் திறந்து ஒரு சீட்டில் ஆறு எக்சர்சைஸை எழுதினாள். "அப்ப ஒரு கண்டிஷன். கயிறு கட்டுறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் இந்த ஆறு எக்சர்சைஸையும் செய்யணும். அப்புறம் குளத்துக் கரை வரைக்கும் நடக்கணும். தறியில அரை மணிக்கு ஒருதரம் எழுந்துக்கணும்."

"கஞ்சி தெளிக்காம எவனாவது பாவை இழுப்பானா? செஞ்சுடலாம்" என்றார் சம்பந்தம்.

மறுநாள் காலையில் ஆரம்பித்தது. ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள். தெருவின் நடுவில் பெஞ்சு, அதன்மேல் பாய், பாயின்மேல் பஞ்சாட்சரம். அக்குளுக்கடியில் துண்டு சுற்றி ஒரு கயிறு, கணுக்காலில் ஒரு கயிறு. பக்கத்துக்கு நான்கு பேர், எல்லோருமே சாமி தூக்குகிறவர்கள்தான்.

"மெதுவாபா. நான் பட்டு இல்ல, பருத்தி" என்றார் பஞ்சாட்சரம்.

அவர் மனைவி துர்காதேவி காப்பி டம்ளரோடு வாசலில் நின்றாள். "நடுவுல அறுந்துபோனா பிணைக்கிறதுக்கு ஆள் வச்சிருக்கீங்களா?"

"இழு" என்றார் சம்பந்தம்.

பதினோராம் நாள் பஞ்சாட்சரத்தின் முதுகில் ஒரு சத்தம் கேட்டது. ஏனாத்தூருக்கு பஸ் ஏற நின்ற காலேஜ் பிள்ளைகள் இடி என்று நினைத்துக் குடையை விரித்தார்கள். பக்கத்து ஊரான முசரவாக்கத்தில் இரண்டு எருமைகள் கயிற்றை அறுத்துக்கொண்டன. இருபதாம் நாள் அவர் நிமிர்ந்து நின்றார். முப்பதாம் நாள் தன் வீட்டு வாசல் நிலையிலேயே தலையை இடித்துக்கொண்டார். சம்பந்தம் முழக்கோல் வைத்து அளந்தார். மூன்று விரற்கடை வளர்ந்திருந்தார்.

அங்கேதான் சிக்கல் வந்தது. ஒத்திகைக்காகப் பல்லக்கில் இரண்டு அரிசி மூட்டையை வைத்துத் தூக்கிப் பார்த்தார்கள். பஞ்சாட்சரத்துக்கு ஒன்றும் வலிக்கவில்லை. ஆனால் இடது பக்கம் உயர்ந்துபோய், இரண்டு மூட்டையும் வலது பக்கமாகச் சறுக்கிச் சம்பந்தத்தின் கழுத்தில் வந்து உட்கார்ந்தன.

"சாமி உன் கழுத்துல உக்காந்துதான் ஊர்கோலம் வரும் போலக்குதே" என்றார் பின்வரிசை சிவராஜ்.

வளர்ந்த ஆளைக் குறுக்க முடியாது. மீதியிருப்பவர்களை நீட்ட முடியும். அடுத்த இரண்டு வாரம் பெஞ்சு தெருமுனை வரை போட்டார்கள். சம்பந்தத்தையும் சேர்த்து வரிசையாகப் படுத்தார்கள். ஒருவருக்கொருவர் கயிறு பிடித்தார்கள். ஆட்டோக்கள் அடுத்த தெரு வழியாகப் போயின. வழக்கமான பாவு என்று நினைத்து ஒரு கடைக்காரர் சிவராஜின் வேட்டிக்கு விலை கேட்டுவிட்டுப் போனார்.

ஸ்கூட்டரில் வந்த லுப்னா இறங்கிப் பார்த்தாள். "எல்லாரும் எக்சர்சைஸ் செஞ்சீங்களா?"

"முதுகே வலிக்காதவனும் செஞ்சான்மா" என்றார் சம்பந்தம் படுத்தபடியே.

உத்திரத்துக்குள் அத்தனை பேரும் சமமாக வளர்ந்துவிட்டார்கள். மின்வாரியத்துக்குச் சொல்லித் தெருக் கம்பிகளை மூன்று விரற்கடை தூக்கிக் கட்ட வேண்டியிருந்தது. உத்திரத்துக்கு முதல் நாள் லுப்னா பஞ்சாட்சரத்தைக் குனிய வைத்து, நிமிர வைத்து, படியேற வைத்துப் பார்த்தாள். "முதல் தெருமுனை வரைக்கும். அதுக்கு மேல ஒரு அடிகூட வேணாம்" என்றாள்.

உத்திரத்தன்று நாதஸ்வரம் ஒலிக்க, பல்லக்கு எழுந்தது. சம்பந்தம் ரோட்டைப் பார்க்கவில்லை. பஞ்சாட்சரத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டு நடந்தார்.

"வலிக்குதாபா?"

"பேசிக்கினே வராத. சாமி ஆடுது."

அகலில் எண்ணெய் ததும்பவில்லை. முதல் முனையில் பஞ்சாட்சரம் தண்டைச் சின்னப்பையனுக்கு மாற்றிக் கொடுத்தார். பெயர்தான் சின்னப்பையன், வயது நாற்பத்தைந்து. பிறகு யார் கையையும் பிடிக்காமல் நிமிர்ந்து நின்று, ஒரு சொம்பு பானகத்தை அண்ணாந்து குடித்தார்.

"அடுத்த வருஷம் ரெண்டாவது முனை" என்றார்.

"நான் இழுத்த இழுப்பு அப்படி" என்றார் சம்பந்தம்.

கயிறு கட்டிய முதல் நாளே லுப்னா ஒவ்வொருவரிடமும் மற்றவருக்குத் தெரியாமல் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டபடி, அந்த நாற்பத்தெட்டு நாளில் சம்பந்தம் உட்பட எல்லோரும் கயிற்றைச் சும்மா பிடித்திருந்தார்களே தவிர, ஒருவரும் இழுக்கவில்லை.