முதல் ஆராதனை, இரண்டாம் ஆராதனை

திருவிருந்து மேசையில் அப்பம் அப்படியே இருந்தது. வாங்க வேண்டியவர்களைத்தான் காணவில்லை. அந்த ஞாயிறு காலை இரண்டாம் ஆராதனைக்கு வந்த எழுபத்திரண்டு பேரில் பதினொரு பேர் மட்டும் மிச்சம். அதிலும் இரண்டு பேர் கைக்குழந்தைகள், ஒருவர் நல்ல தூக்கம். மற்ற அத்தனை பேரையும் கிளப்பி வெளியே அனுப்பிய பெருமை ஒரே ஆளுக்குத்தான் சேரும். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்ததால் சபையில் அவருக்குக் கண்ணாடிக்காரர் என்றே பெயர்.

மாதத்துக்கு ஒரு முறை, பிரசங்கம் முடிந்ததும் பத்து நிமிடம், ஆதிச்சபையைப் பற்றி அவர் பேச வேண்டும் என்று ஓர் ஏற்பாடு. படித்து வாங்கிய பதவி அல்ல. முதல் கிறிஸ்தவர்களைப் பற்றி நமக்கு ஒன்றுமே தெரியவில்லையே என்று சபைக் கூட்டத்தில் போதகர் வருத்தப்பட்டபோது, கண்ணாடிக்காரர் தூங்கி விழுந்ததைத் தலையாட்டல் என்று எடுத்துக்கொண்டார்கள். வாயைத் திறந்து மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. இவர் வாயை மூடியிருந்தபோதே மாட்டிக்கொண்டார்.

மாட்டிக்கொண்ட பிறகு பிடித்துப்போனது. கடையில் ஆள் வராத நேரத்தில் படித்தார். பேச்சில் நாலு கிண்டலைத் தூவினார். சபை சிரித்தது. சிரிப்பு என்பது அவருக்குச் சர்க்கரை மாதிரி; வைத்தியர் வேண்டாம் என்றாலும் கை போய்விடும்.

அன்றைய பேச்சு மனிதன் என்றால் யார் என்பது. அந்தக் காலத்துப் பெரிய மூளைக்காரர்கள், உடம்பு வெறும் உறை, உள்ளே இருப்பதுதான் சரக்கு என்று நினைத்தார்கள். சபை மட்டும் பிடிவாதமாக இல்லை என்றது. மண்ணைப் பிசைந்தவரும் கடவுள்தான், மூச்சை ஊதியவரும் கடவுள்தான். இரண்டும் சேர்ந்தால்தான் ஆள். அவரே ஓர் உடம்பை எடுத்துக்கொண்டு வந்து பசித்தார், களைத்தார், படகில் தூங்கினார். கடைசி நாளில் எழும்பப்போவதும் உடம்போடுதான். அதனால்தான் அந்த ஜனங்கள் குப்பைமேட்டில் வீசப்பட்ட குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கொள்ளைநோயில் சொந்த வீட்டாரே விட்டு ஓடிய நோயாளிகளைக் கையால் தொட்டுக் கழுவினார்கள். கண்ணாடிக்காரர் இதைச் சொன்னபோது சபை முன்னால் சாய்ந்து கேட்டது.

அங்கேயே பேச்சை முடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். சுவர்க்கடிகாரத்தில் இன்னும் இரண்டு நிமிடம் பாக்கி இருந்தது. சரி, சிரிக்கவைத்து முடிப்போம் என்று கடைசியாக ஒன்றை எடுத்துவிட்டார். ஆதிச்சபையில் இன்னொரு வழக்கமும் இருந்தது. இரண்டு பேருக்குள் மனஸ்தாபம் என்றால், சமாதானமாகிற வரைக்கும் இருவருமே அப்பத்தில் கைவைக்கக் கூடாது. அந்தச் சட்டத்தை இங்கே கொண்டுவந்தால் போதகர் ஐயா தனியாளாக உட்கார்ந்து முழு ரொட்டியையும் தின்ன வேண்டிவரும் என்றார்.

பாதிச் சிரிப்பு வந்தது. மீதிப் பாதி வழியிலேயே நின்றுவிட்டது. பாடகர் குழுவில் ஓர் அம்மாள் எழுந்தார். எதிர் வரிசையில் இருந்த நாத்தனாரிடம் போய்த் தோளைத் தொட்டார். இருவரும் வெளியே போனார்கள். ஆர்கன் வாசிப்பவர் பாட்டின் நடுவில் கையை எடுத்துவிட்டுப் போனார். கோயில் காவலாளி போனார். பல் வைத்தியரும் அவருடைய பக்கத்து வீட்டுக்காரரும் வேறு வேறு கதவு வழியாகப் போய், முற்றத்தில் முட்டிக்கொண்டார்கள். யாரோடு சண்டையோ அவர்கள் வெளியூரில் இருந்ததால், சிலர் மரத்தடியில் நின்று போனில் அழுதுகொண்டிருந்தார்கள்.

போதகர் கோபப்படவில்லை. வெள்ளைத் துணியை எடுத்து அப்பத்தை மூடினார். சாயங்காலம் ஆறு மணிக்கு இதே மேசை இருக்கும், போய்விட்டு வாருங்கள் என்று மிச்சமிருந்தவர்களிடம் சொன்னார். கண்ணாடிக்காரர் நகராமல் உட்கார்ந்திருந்தார். தனக்குப் போக இடம் இல்லாதது போல முகத்தை வைத்துக்கொண்டார். அவருடைய மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். விடையை மறைத்துவைக்கும் முகங்கள் அவருக்குப் பழக்கம். காதருகே குனிந்தார்.

"முதல் ஆராதனைக்கு யார் வர்றாங்கன்னு மறந்துபோச்சா?"

மறக்கவில்லை. காலை ஏழு மணி ஆராதனைக்கு வருகிறவர் அவருடைய அண்ணன். பஸ் ஓட்டுநர். நாலு வருஷமாகத் தம்பியோடு பேச்சு இல்லை. ஒரே கோயில், ஒரே கடவுள், ஷிப்ட் மட்டும் வேறு. அண்ணனுடைய ஸ்கூட்டர் கேட்டைத் தாண்டிய பிறகுதான் தம்பி உள்ளே வருவார். இருவருக்கும் இடது பக்கம் மூன்றாவது வரிசைதான் ராசி. சில ஞாயிறுகளில் பெஞ்சு இன்னும் சூடாக இருக்கும். அந்தச் சூட்டின் மேல் உட்கார்ந்துகொண்டு நாலு வருஷமாக அவர் பாட்டுப் பாடிவந்தார்.

ஏன் பேச்சு நின்றது என்று அவர் ஒரு கணக்கு வைத்திருந்தார். அப்பாவை அடக்கம் செய்த அன்று பிரேத வண்டி முக்கால் மணி நேரம் தாமதம். வாழ்நாள் முழுக்க எங்கே போனாலும் கடைசி ஆளாகப் போன மனிதர் அப்பா. தம்பி எழுந்து நின்று, அப்பா தாமதமாக வருவதில் முதல் தடவையாக அவர் பக்கம் தப்பில்லை என்றார். துக்கத்துக்கு வந்த கூட்டம் சிரித்துவிட்டது. அண்ணன் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு பேச்சு இல்லை. ஒரு சாதாரணக் கிண்டலுக்கு நாலு வருஷமா என்று தம்பி முறுக்கிக்கொண்டார். ஆனாலும் தினமும் காலை பத்து நாற்பதுக்குக் கடைமுன் நிற்கும் பஸ்ஸில் பிரேக் சத்தமே கேட்காவிட்டால், ஓட்டுவது அண்ணன் என்று அவருக்குத் தெரியும். குடிநீர் டம்ளர் தளும்பாமல் பஸ்ஸை நிறுத்துவார் அண்ணன். தம்பி லென்ஸைத் துடைக்கிற சாக்கில் தலையைத் தூக்கிப் பார்ப்பார். ஒரு நாள் வேறு ஆள் ஓட்டிவந்தால் மத்தியானம் வரைக்கும் மனசு சரியாக இருக்காது.

போதகரைப் பிடித்துக் கேட்டார். அண்ணன் வாராவாரம் உங்களிடம்தானே வருகிறார், என்ன கோபம் என்று சொல்லியிருப்பாரே. போதகர் கேள்விக்குக் கேள்வியால் பதில் சொல்லும் சாதி. அவரிடமே கேட்டீர்களா என்றார். மனைவியிடம் கேட்டார். உங்களுக்கே தெரியும் என்று டீச்சர் சொன்னார். வகுப்பிலும் இப்படித்தான் சொல்வாராம்.

மத்தியானம் மூன்று மணிக்கு ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு அண்ணன் வீட்டு மாடிப்படி ஏறினார். ஆஸ்பத்திரிக்குப் போவது போல இருக்கிறதே என்று இரண்டாம் மாடியில்தான் உறைத்தது. மூன்றாம் மாடியில் அண்ணி கதவைத் திறந்தார். போன வாரம் வந்துபோனவரை வரவேற்பது போல, "வாங்க தம்பி" என்றார். அந்த இரண்டு வார்த்தைக்கே கண்ணாடிக்காரருக்குக் கண் கலங்கியது. சமையலறை வாசலில் நின்று, அண்ணனுக்கு என்மேல் என்னதான் கோபம் என்று மெல்லக் கேட்டார். அண்ணி, டீயில் சர்க்கரை போடலாமா, டாக்டர் ஏதாவது சொல்லியிருக்கிறாரா என்று கேட்டார். ஊரே சேர்ந்து பேசிவைத்துக்கொண்டது மாதிரி இருந்தது.

உள்ளே அண்ணன் மறுநாள் டூட்டிக்குச் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தார். தம்பியைப் பார்த்தார், உட்காரச் சொல்லித் தாடையால் நாற்காலியைக் காட்டினார், காலருக்குத் திரும்பினார். பாலத்தில் வேலை நடப்பதால் பஸ்ஸைச் சுற்றிவிட்டிருப்பதைப் பற்றிப் பேசினார்கள். முழங்கால் வலியைப் பற்றிப் பேசினார்கள். காலையில் கோயில் காலியான கதையைத் தம்பி சொன்னார். பல் வைத்தியர் முட்டிக்கொண்ட இடத்தில் அண்ணனுடைய மீசை லேசாக ஆடியது. அதைத் தைரியமாக எடுத்துக்கொண்டு, படியேறும்போது ஒப்பித்துவைத்திருந்த மன்னிப்பைத் தம்பி எடுத்துவிட்டார். அடக்கத்தன்று நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது, அண்ணே.

அண்ணன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்திவைத்தார்.

"அதுக்கு நானும்தான் சிரிச்சேன். கர்ச்சீப்பால வாயைப் பொத்திக்கிட்டேன். அழறேன்னு எல்லாரும் நினைச்சுக்கிட்டாங்க, நானும் விட்டுட்டேன்."

கொண்டுவந்த ஒரே மன்னிப்பும் இப்படிச் செல்லாமல் போனது. வேறு எதற்குத்தான் என்று கேட்டால், அண்ணன் விடு என்றார். பழசைக் கிளறி என்ன ஆகப்போகிறது என்றார். சட்டையின் இடது கையை முடித்து வலது கைக்குப் போனார். மணி நாலேகால். ஆறு மணிக்கு மேசைக்கு முன்னால் போய் நின்றால் யாரும் கேள்வி கேட்கப்போவதில்லை என்று தம்பிக்குத் தெரியும். ஆனால் அப்பத்துக்காக மட்டும் அவர் மூன்று மாடி ஏறவில்லை. இங்கிருந்து காரணம் தெரியாமல் இறங்கிப்போனால் இனி இந்தப் படியில் ஏறவே மாட்டோம் என்று பயமாக இருந்தது.

அப்போதுதான் அண்ணனுடைய மூக்குக்கண்ணாடியைக் கவனித்தார். இடது காதுத் தண்டில் திருகு இல்லை. அந்த இடத்தில் தையல் நூலால் சுற்றிக் கட்டியிருந்தது. கண்ணாடிக் கடைக்காரரின் கூடப்பிறந்தவர் மூஞ்சியில் நூல். வேறு கடைக்குப் போகவும் மனசில்லை, தம்பி கடைக்கு வரவும் மனசில்லை. எத்தனை மாதமாக என்று கேட்கத் தம்பிக்குத் தைரியம் வரவில்லை.

"கழட்டுங்கண்ணே," என்றார்.

அண்ணன் மறுபேச்சு இல்லாமல் கழற்றிக் கொடுத்தார். தம்பி சட்டைப்பையிலிருந்து சின்னத் திருப்புளியையும் திருகு டப்பாவையும் எடுத்தார். வெளியே எங்கே போனாலும் அவை இல்லாமல் போக மாட்டார். கண்ணாடி இல்லாத அண்ணனுக்கு ஆறடிக்கு அப்பால் எல்லாம் மூட்டம்தான். அந்த லென்ஸின் எண் தம்பிக்கு மனப்பாடம். மூட்டத்தைப் பார்த்தபடி அண்ணன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். கண்ணாடி பதிந்த தழும்பு மூக்கின் இரண்டு பக்கமும் சிவப்பாக இருந்தது. அப்பாவுக்கும் அப்படித்தான் இருக்கும்.

தம்பி நூலை வெட்டினார். தலை நிமிராமலே கேட்டார்.

"அண்ணே, நான் என்ன பண்ணேன்? சொல்லிடுங்க. சத்தியமா கிண்டல் பண்ண மாட்டேன்."

அண்ணி டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

"அப்பா பேச்செல்லாம் நின்னு, ஆள் அடையாளம் தெரியாம கிடந்தாரே, அந்த ஒன்றரை வருஷம்," என்றார் அண்ணன். "நீ சனிக்கிழமை வந்துட்டுப் போவே. ஒரு சனிக்கிழமை நான் அவருக்கு முகம் வழிச்சுக்கிட்டு இருந்தேன். நீ வாசல்ல நின்னு, குடியிருந்தவர் எப்பவோ காலி பண்ணிட்டுப் போயிட்டாரு, நீங்க இன்னும் வீட்டுக்கு வெள்ளையடிச்சுக்கிட்டு இருக்கீங்களேன்னு சொன்னே. நல்ல கிண்டல்தான். வேற வீடா இருந்தா நானே சிரிச்சிருப்பேன். அப்போ அவர் தாடை என் கையில இருந்துச்சு. நீ சொன்னதும் இறுகிச்சு. அவருக்குக் கேட்டுச்சா, புரிஞ்சுதா, எனக்குத் தெரியாது. என் கைக்குத் தெரியும்."

அந்தச் சனிக்கிழமை தம்பிக்கு நினைவிலேயே இல்லை. எவ்வளவு தேடியும் வரவில்லை. காலையில் எழுபத்திரண்டு பேருக்கு முன்னால் நின்று உடம்பு வெறும் உறை என்ற எந்தப் பேச்சைத் தப்பு என்று அடித்துப் பேசினாரோ, அதையே அவர் வாய் ஒரு காலத்தில் போகிறபோக்கில் சொல்லிவிட்டு மறந்தும் போயிருந்தது. திருகு விரலிலிருந்து நழுவி டம்ளர் பக்கம் உருண்டது. அவர் அதை எடுக்கவில்லை.

"இத்தனை நாளா இந்தக் கோபம்தானா, அண்ணே?"

"கோபம் இல்லடா," என்றார் அண்ணன். தம்பி இருக்கும் திசையை உத்தேசமாகப் பார்த்துச் சொன்னார். "பயம். இந்த மறதி நோய் தாத்தாவுக்கு வந்துச்சு, அப்பாவுக்கு வந்துச்சு. அடுத்தது நான்தானே மூத்தவன். எனக்கும் வந்து, நீ வாசல்ல நின்னு ஜோக் அடிச்சா, அதுக்குச் சிரிக்கவும் முடியாம, நான் இங்கதாண்டா இருக்கேன்னு சொல்லவும் முடியாம உள்ள கிடப்பேனேன்னு பயம். அந்தப் பயத்துல உன் முகத்தைப் பார்க்க முடியல. கேட்டியே, அதான் காரணம். அப்படி ஒரு நாள் வந்துச்சுன்னா, நீதான் வந்து எனக்கு முகம் வழிக்கணும். கிண்டல் பண்ணிக்கிட்டே வழி, பரவாயில்லை. ஆனா என்கிட்ட பண்ணு. என்னைக் காட்டி இன்னொருத்தர்கிட்ட பண்ணாதே."