வெடி முடியும்வரை ரொனியோடு

…யன்னல் கொளுக்கி போட்டாயிற்று, போட்டபோதே இழுத்தும் பார்த்தாயிற்று, ஆனாலும் சுமித்திரா எழுந்துபோய் இன்னொருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு வந்து நிலத்தில் அமர்ந்தாள், அலுமாரிக்கும் சுவருக்கும் இடையிலான இடுக்கில் ரொனி நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துக்கொண்டிருந்தது, முற்றத்தில் மேளம் ஓயவில்லை. மாமாவின் சவப்பெட்டியை இப்போது தூக்குவார்கள், தூக்கியதும் வாசல் படலையடியில் முதல் வெடி, பெண்கள் படலைவரை போய் நின்று அழுவார்கள், மருமகள் எங்கே என்று யாராவது கேட்பார்கள்… கேட்கட்டும். இரண்டு வருடம் படுக்கையில் கிடந்தவருக்குக் கஞ்சி பருக்கி, பிரட்டிப் படுக்கவைத்து, முதுகுப் புண்ணுக்கு மருந்து போட்டவள் படலைவரை போகாவிட்டால் என்ன குறைந்துவிடும்? காலையிலேயே கணவன் செந்தூரனிடம் கேட்டுப் பார்த்தாள், வெடி வேண்டாம், நாய் தாங்காது என்று. “அப்பான்ரை செத்தவீட்டிலை வெடி இல்லாமலோ? சனம் என்ன கதைக்கும்?” என்றான், கோபமில்லை, நித்திரையில்லாமல் கண் சிவந்திருந்தவனோடு எதைச் சொல்லி வாதாடுவது, “அப்ப நான் நாயோடை உள்ளுக்கை இருக்கப்போறன்” என்றாள், “இரும்” என்றான், அவ்வளவுதான்.

போன தீபாவளிக்கு ரொனி சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடியது, அக்கராயன் குளக்கட்டுப் பற்றைக்குள் சங்கிலி சிக்கி நாய் கிடந்ததை மூன்றாம் நாள் மாடு சாய்க்கப் போன ராசு கண்டுபிடித்தான், அந்த மூன்று நாளும் மாமா வாய் திறக்கவில்லை, கரண்டியை உதட்டில் வைத்தால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் அவள் மிருக வைத்தியரிடம் கேட்டாள், கட்டிவைக்க வேண்டாம், இருட்டறையில் விடுங்கள், முன்கூட்டியே நடத்திக் களைக்கப்பண்ணி சாப்பாடு கொடுங்கள், ரேடியோவைப் போட்டுவிடுங்கள், நீங்கள் பதறாமல் பக்கத்தில் இருங்கள் என்றார் அவர். எல்லாம் செய்தாயிற்று, கழுத்துப் பட்டியில் தொலைபேசி இலக்கமும் எழுதியாயிற்று, செத்தவீட்டில் ரேடியோ போட முடியாததால் ஃபானை முழு வேகத்தில் விட்டிருக்கிறாள், பதறாமல் இருப்பதுதான்… அதை எப்படிச் செய்வது?

மேளம் சட்டென்று உரத்தது, அழுகை எழுந்தது, பிறகு வெடித்தது, ஒன்றல்ல, ஒரு கட்டு முழுதும். சுமித்திராவின் உடம்பு அவளைக் கேளாமலே நிலத்தோடு நிலமாகக் குனிந்தது, தலையைக் கைகள் பொத்தின, சண்டை முடிந்து எத்தனை வருடமாயிற்று, இந்த உடம்புக்கு இன்னும் யாரும் சொல்லவில்லையா? ரொனி இடுக்கிலிருந்து பாய்ந்து கதவைப் பிறாண்டியது, மரத்தில் நகம் கீறியது, இழுத்துப் பிடிக்காதே, பிடித்தால் இன்னும் பயப்படும், அவள் போர்வையை விரித்துக் கதவோரம் போய் இருந்தாள், “ஒண்டுமில்லை, ராசா, ஒண்டுமில்லை, மாமாவைக் கொண்டுபோகினம்” என்றாள், அதைச் சொன்ன பிறகுதான் மாமா போகிறார் என்பது அவளுக்கே உறைத்தது. நாய் அவள் மடிக்குள் முகத்தைப் புதைத்தது, போர்வையால் காதோடு மூடி நெஞ்சை மெல்லத் தடவினாள், உள்ளே இதயம் எஞ்சின் போல ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த வெடி மதகடியில், அதற்கடுத்தது வாசிகசாலையடியில், பிறகு எங்கேயோ வயல்பக்கம், தகரத்தில் கல் விழுந்த அளவுக்குத்தான், ரொனியின் நடுக்கம் பின்னங்காலில் மட்டும் மிஞ்சியது, பிறகு அதுவும் இல்லை, பெருமூச்சொன்றை விட்டுவிட்டு நாய் அவள் பாதத்தில் தலையை வைத்தது. அப்பாடா… ஓடவில்லை, பஸ்ஸில் அடிபடவில்லை, யாரும் டோர்ச் அடித்துப் பற்றைகளைத் தேட வேண்டியதில்லை. சுமித்திராவுக்குத் தோள்கள் இறங்கின, இவ்வளவு இலேசாக இருக்கிறதே, நாய்க்காகத்தானா? இனிக் காலையில் வெந்நீர் வைக்க வேண்டாம், நாலு மணிக்கு எழும்ப வேண்டாம்… சீ, பெட்டி இன்னும் சுடலைக்குப் போய்ச் சேரவில்லை.

கதவு மெல்லத் தட்டப்பட்டது. மாமி சிவனேஸ்வரி உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டு, அவளுக்கு எதிரே சேலை கசங்க நிலத்தில் இருந்தா. நாய் ஓடினதோ என்று மாமி கேட்க, இல்லை என்று சுமித்திரா தலையசைத்தாள், படலையடிக்கு வராததற்கு ஏதாவது சொல்லப்போகிறாவோ என்று காத்திருந்தாள். மாமி ரொனியின் முதுகில் கையை வைத்தா, அது கண்ணைத் திறக்கவில்லை.

“எல்லாரும் அழ, நான் நாய் என்ன செய்யுதோ எண்டு யோசிச்சுக்கொண்டு நிண்டனான், பிள்ளை.”

வெளியே வீடு கழுவத் தொடங்கிவிட்டார்கள், வாளிச் சத்தம், யாரோ சுமித்திராவின் பெயரைக் கூப்பிட்டார்கள், போக வேண்டும், இரண்டு பேருமே போக வேண்டும். மாமியின் முகத்தைப் பார்த்தாள், அழாத முகம், களைத்த முகம், அதிலிருந்து தன்னுடையதைப் போலவே ஏதோ ஒரு பாரம் இறங்கியிருந்தது, அதைக் கேட்கலாமா, கேட்டால் எந்தச் சொல்லால் கேட்பது… மாமியும் எழும்பவில்லை.