ஆப்பிளுக்குத் தையல் விட்டவர்

மாஸ்டர் ஆப்பிளின் இடுப்பில் டேப்பைச் சுற்றி அளவெடுத்துக்கொண்டிருந்தபோது அவருடைய மனைவி சமையலறைக்குள் வந்தாள். சற்று நேரம் நின்று பார்த்தாள்.

"அப்படியே தோள் அளவும் எடுத்திருங்க. அப்புறம் கை தூக்க முடியலன்னு வந்து நிக்கும்."

மாஸ்டர் நிமிரவில்லை. நாற்பத்தோரு வருடம் தையல் கடையில் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். வேலையை விட்டபிறகும் தெருவில் எல்லோருக்கும் மாஸ்டர்தான். அளக்காமல் எதையும் வெட்டியதில்லை. அவர் வெட்டிக் கொடுத்ததை எவனும் குறை சொன்னதும் இல்லை. கேவலம் ஒரு பழத்துக்காக அந்த வழக்கத்தை மாற்றிக்கொள்ளும் உத்தேசம் அவருக்கு இல்லை.

அதுவும் இது சாதாரணப் பழம் இல்லை. வீட்டு மானம் அதன் காம்பில் தொங்கிக்கொண்டிருந்தது.

மருமகள் மலையேறுகிறவள். ஆறு பேர் கொண்ட குழு. வருடம் ஒருமுறை முதுகில் ஒரு வீட்டையே கட்டித் தூக்கிக்கொண்டு ஒன்பது நாள் போவார்கள். சுமை குறைய வேண்டும் என்பதால் தின்பதெல்லாம் உலர்ந்ததாக இருக்க வேண்டும். அரிசி ஒரு வீட்டிலிருந்து, பருப்பு இன்னொரு வீட்டிலிருந்து என்று பங்கு பிரித்துக்கொள்வார்கள். உலர்ந்த பழம் மருமகளின் பங்கு. கல்யாணமாகி வந்த இந்த மூன்று வருடமும் அதை அவளுடைய அம்மாதான் செய்து கொடுத்தார். சம்பந்தியம்மா மருந்துக்கடை வைத்திருப்பவர். போன வருடம் உச்சியில் நின்று எடுத்த போட்டோவில் மருமகள் கையில் ஒரு பொட்டலம். பொட்டலத்தின்மேல் மருந்துக்கடைச் சீட்டு, கடையின் பெயரோடு. நம் வீட்டுப் பெண் அவ்வளவு உயரத்தில் நின்றுகொண்டு பிறந்த வீட்டுச் சோற்றைத் தின்கிறாள் என்று ஊருக்கே அது சொன்னது. சொன்னதாக மாஸ்டருக்குத் தோன்றியது. தோன்றியது போதாதா?

"இந்தத் தடவை நம்ம வீட்ல இருந்துதான் போகும்," என்று அறிவித்துவிட்டு, அடுத்த நாளே ஆறு தட்டு வைத்த டீஹைட்ரேட்டர் என்ற உலர்த்திப் பெட்டி ஒன்றை வாங்கி வந்தார். பின்பக்கம் விசிறி, உள்ளே சூடான காற்று, முன்னால் கண்ணாடிக் கதவு. கூடவே ஒரு சின்னப் புத்தகம். ஆப்பிளைக் கால் அங்குலத்துக்கு மேல் தடிமனாக வெட்டாதே என்று முதல் பக்கத்திலேயே போட்டிருந்தது.

மாஸ்டர் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். எழுதியவன் ஊசியைக் கையில் தொட்டிருக்க மாட்டான். சுருங்கப் போகிற சரக்கை அளவுக்குச் சரியாகவா வெட்டுவார்கள்? தையலுக்கு விட வேண்டாமா? அரை அங்குலம் வெட்டினார். ஒவ்வொரு வில்லையும் அதே அரை அங்குலம், நூல் பிசகவில்லை. பழம் கறுக்காமல் இருக்க எலுமிச்சைத் தண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டு எடுக்கச் சொல்லியிருந்தது. புதுத் துணியை நனைக்காமல் வெட்டினால் பின்னால் காலை வாரிவிடும் என்பது அவர் அனுபவம். ஐந்து நிமிடத்தில் என்ன நனையும்? ஒரு மணி நேரம் ஊற வைத்தார்.

பிறகு தட்டு. அதில்தான் மாஸ்டர் தன் வித்தை முழுவதையும் காட்டினார். மேசைமேல் துணியை விரித்து, முதுகுப்பாகத்துக்குப் பக்கத்தில் கையை, கை இடுக்கில் காலரை, காலர் இடுக்கில் பாக்கெட்டைப் பொருத்தி, ஒரு விரல் அகலம்கூட வீணாக்காமல் வெட்டுகிறவர் அவர். வட்ட வில்லைகளை நெருக்கி வைத்தார். இடையில் விழுந்த மூலைகளுக்கு ஆப்பிளை முக்கோணமாகச் செதுக்கி அடைத்தார். ஆறு தட்டிலும் ஒரு பொட்டு இடம் தெரியவில்லை.

"தட்டு எங்க?" என்றாள் மனைவி.

"அடியில இருக்கு."

"காத்து எந்த வழியாப் போகும்?"

"அது காத்தோட வேலை. நீ காபி போடு."

காற்று தன் வேலையைச் செய்யவில்லை. எட்டு மணி நேரத்தில் முடிய வேண்டியது பத்து மணி நேரமாகியும் கொழகொழவென்று இருந்தது. மாஸ்டருக்குப் பொறுமை போய்விட்டது. சூட்டை ஒரேயடியாக மேலே ஏற்றினார். ஒரு மணி நேரத்தில் வில்லைகள் பொன்னிறமாகி, விறைத்து, தட்டினால் டக்கென்று ஓசை எழுப்பின. எல்லாவற்றையும் நான்கு கண்ணாடி ஜாடிகளில் போட்டு மூடி அலமாரியில் அணிவகுத்து வைத்தார். வருகிறவர் போகிறவர் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். பால்காரர் இரண்டு முறை பார்த்தார்.

மூன்றாம் நாள் காலையில் ஜாடிகளின் உட்புறம் பனி பூத்திருந்தது.

மாஸ்டர் மூடியைத் திறந்து ஒரு வில்லையை எடுத்தார். வெளியே ஓடு மாதிரி இருந்தது. இரண்டாகப் பிய்த்துப் பிதுக்கினார். நடுவிலிருந்து ஒரு சொட்டு எழும்பி, முத்துப் போல நின்று, அவரைப் பார்த்தது. சூட்டில் மேல்தோல் இறுகிப்போய், உள்ளே இருந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் மாட்டிக்கொண்டிருந்தது.

சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, நான்கு ஜாடிகளின் உட்புறத்தையும் வேட்டி நுனியால் துடைத்தார். நாற்பத்தோரு வருடத்தில் அவர் செய்த முதல் திருட்டு வேலை அதுதான்.

மருமகள் கிளம்ப இன்னும் ஒரு நாள்தான் இருந்தது. அவள் உள்ளறையில் கூடாரத்தை விரித்துக் கயிறுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். மகன் வேலைக்குப் போய்விட்டான். மாஸ்டர் பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டார். ஈரத்தைத் துணியிலிருந்து எடுக்க அவருக்குத் தெரிந்த கருவி ஒன்றுதான். பத்து நிமிடம் கழித்து மனைவி கதவைத் திறந்தபோது அவர் ஒரு ஆப்பிள் வில்லைமேல் வெள்ளைத் துணியைப் போட்டு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அறை முழுக்கக் கருகிய வாசனை.

அவள் கதவைச் சாத்திவிட்டு, திரும்பத் திறந்து பார்த்தாள். இன்னும் அதேதான் நடந்துகொண்டிருந்தது.

"மடிப்பு கலையாம போகணுமா மலைக்கு?"

"சத்தம் போடாதே. உள்ள ஈரம் இருக்கு."

"யாருக்கு?"

"ஆப்பிளுக்குடி!"

அவள் வில்லையைப் பிரித்துப் பார்த்தாள். இப்போது அது வெளியே கரி, உள்ளே கூழ்.

"பொண்ணுகிட்ட சொல்லிருங்க. இன்னைக்கு அவங்க அம்மா வராங்க. ஒரு வார்த்தை சொன்னா அவங்க வீட்ல இருக்கறதைக் குடுத்துருவாங்க."

"என் தலை போனாலும் அந்தம்மாகிட்டப் போய் நிக்க மாட்டேன்."

"உங்க தலை போகாது. அவ வயிறுதான் போகும்," என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

சம்பந்தியம்மா பத்து மணிக்கு வந்தார். அதற்குள் விஷயம் மாஸ்டரின் கையை மீறிவிட்டிருந்தது. மருமகள் ஜாடிகளைக் கூடத்துக்குக் கொண்டுவந்து, வில்லைகளைப் பிளாஸ்டிக் பைகளில் நிரப்பிக்கொண்டிருந்தாள். முதல் பையின்மேல் கொட்டை எழுத்தில் 'மாமா வீட்டு ஆப்பிள்' என்று எழுதியும்விட்டாள்.

"பாரும்மா, எல்லாம் மாமாவே பண்ணது. என்னைக் கிட்டவே விடல."

சம்பந்தியம்மா ஒரு வில்லையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். மாத்திரை பார்த்துப் பார்த்துப் பழகிய கண். புரட்டினார். இன்னொன்றை எடுத்து அதன்மேல் அடுக்கிப் பார்த்தார். பிறகு ஓரத்தைக் கடித்தார். ஓரம் மொறுக்கென்றது.

"அடேயப்பா, அச்சுல வார்த்த மாதிரி இருக்கே சம்பந்தி! சும்மா சொல்லக் கூடாது. நான் பண்ணா ஒண்ணு தடியா இருக்கும், ஒண்ணு நைஞ்சு போயிருக்கும். இனிமே நான் எதுக்கு மெனக்கெடணும்? வருஷா வருஷம் நீங்களே பண்ணிருங்க."

மூன்று வருடம் காத்திருந்த சொல். சமையலறை வாசலில் நின்ற மனைவி மாஸ்டரையே பார்த்தாள். மாஸ்டர் கூரையைப் பார்த்தார். மருமகள் முதல் பையின் காற்றை அமுக்கி வெளியேற்றி, அதன் வாயைச் சூட்டில் ஒட்டும் கருவிக்குள் நுழைத்தாள்.

ஆறாம் நாள் அந்தப் பை எங்கே திறக்கப்படும் என்று மாஸ்டர் யோசித்தார். கூடாரத்தில் ஆறு பேர் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். உள்ளே சாம்பல் நிறத்தில் ரோமம் முளைத்த ஆப்பிள். இருட்டில் பார்க்காமல் தின்றும் தொலைப்பார்கள். அதற்குப் பிறகு ஒதுங்குவதற்குக்கூடச் சமதரை இல்லாத மலை.

கடையில் ஒருமுறை ஒரு வக்கீல், முதல் வழக்குக்குப் போட்டுப் போகத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று பூரித்துப்போய்விட்டார். முதுகில் ஒரு நூல் இழுத்திருந்தது. அது மாஸ்டர் கண்ணுக்கு மட்டும்தான் தெரிந்தது. "கழட்டுங்க" என்றார். வக்கீல் மன்றாடினார், மிரட்டினார், சட்டம் பேசினார். கோட்டு அன்று வாசல் தாண்டவில்லை.

"அதை ஒட்டாதேம்மா."

"ஏன் மாமா?"

"அது போகக் கூடாது. உள்ள ஈரம் இருக்கு. காலையில ஜாடியில பனி பூத்திருந்துச்சு. நான்தான் தொடச்சு வச்சேன்."

சம்பந்தியம்மா கடித்த வில்லையைப் பிய்த்துப் பிதுக்கினார். சொட்டு வந்தது.

"எவ்வளவு தடிமன் வெட்டினீங்க?"

"அரை அங்குலம்."

"ஆப்பிளா, செங்கல்லா?"

"சுருங்கும்னு தையலுக்குக் கொஞ்சம் விட்டு வெட்டினேன்."

சம்பந்தியம்மாவின் உதடு துடித்தது. "தண்ணில எவ்வளவு நேரம் போட்டீங்க?"

"ஒரு மணி நேரம்."

"ஊற வச்சா காய வச்சீங்க?" என்று ஆரம்பித்தவர், அதற்கு மேல் தாங்கமாட்டாமல் நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தார். கைப்பையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். "மன்னிச்சுக்கோங்க சம்பந்தி" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் சிரித்தார். இஸ்திரிப் பெட்டி விஷயத்தை மனைவி எடுத்துக் கொடுத்தபோது மருமகளும் தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாஸ்டர் அளவெடுக்க நிற்கிறவர் மாதிரி முதுகை நிமிர்த்தி, கைகளைத் தொங்கவிட்டு, மூன்று பெண்களும் சிரித்து முடிக்கும்வரை அசையாமல் நின்றார். உட்காரவும் இல்லை, உள்ளே போகவும் இல்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு சம்பந்தியம்மா எழுந்தார். "விடுங்க. எங்க வீட்ல ரெண்டு டப்பா இருக்கு. எடுத்துட்டு வந்துடறேன்."

"வேணாம்."

"அப்ப பொண்ணு எதைத் தின்னும்? நாளைக்குக் காலையில வண்டி."

"மணி பத்தரைதான் ஆகுது. ஆப்பிள் கூடையில இருக்கு. எப்படின்னு நீங்க சொல்லுங்க, நான் வெட்டறேன்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஆனா காயறது இந்த வீட்லதான் காயணும்."

சம்பந்தியம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கடைப் பையனுக்குப் போன் போட்டு, தன் வீட்டு உலர்த்திப் பெட்டியை இங்கே கொண்டுவரச் சொன்னார். தட்டில் இடம் விட்டு வைத்தால் ஒரு பெட்டி போதாது என்பது அவர் கணக்கு.

பதினோரு மணிக்கு இரண்டு பெட்டிகளும் சமையலறையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தன. மாஸ்டர் கால் அங்குலம் வெட்டினார். சம்பந்தியம்மா ஐந்தாவது நிமிடத்தில் எலுமிச்சைத் தண்ணீரிலிருந்து எடுத்துத் துணியில் ஒற்றினார். மாஸ்டர் நெருக்கி அடுக்க அடுக்க, அவர் ஒன்றுவிட்டு ஒன்றாக எடுத்துக்கொண்டே போனார். ஒவ்வொன்றை எடுக்கும்போதும் மாஸ்டருக்குச் சட்டையிலிருந்து பொத்தானைப் பிய்ப்பது போல இருந்தது. மூன்று தட்டுவரை பல்லைக் கடித்துக்கொண்டார்.

"இவ்வளவு இடம் வீணாகுதே!"

"அது காத்துக்கு விட்ட தையல்னு நினைச்சுக்கோங்க."

மாஸ்டர் கையை நிறுத்தி யோசித்தார். நான்காவது தட்டை அவரே இடைவெளி விட்டு அடுக்கினார். டேப் வைத்து, எல்லா இடைவெளியும் சமமாக. சம்பந்தியம்மா அதை மட்டும் தொடவில்லை.

மதியம் தட்டுகளை மேலும் கீழுமாக மாற்றினார்கள். சூட்டை ஏற்றலாமா என்று மாஸ்டர் இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் கைமேல் ஒரு அடி வாங்கினார், மனைவியிடமிருந்து. ஏழு மணிக்கு விசிறிகள் நின்றன. சூட்டோடு பார்த்தால் எதுவும் மெத்தென்றுதான் இருக்கும், ஆறட்டும் என்றார் சம்பந்தியம்மா. நான்கு பேரும் தட்டைச் சுற்றி நின்று ஆறுவதைப் பார்த்தார்கள்.

"இப்ப பாருங்க சம்பந்தி," என்று ஒரு வில்லையை நீட்டினார் அவர்.

"நீங்களே பாருங்க."

"வெட்டினது நீங்க. நீங்கதான் பாக்கணும்."

மாஸ்டர் வாங்கி வளைத்தார். தோல் மாதிரி வளைந்தது, ஒடியவில்லை. பிய்த்தார். கட்டைவிரலால் பிதுக்கினார். ஒன்றும் வரவில்லை. நம்பிக்கையில்லாமல் இன்னொன்றைப் பிய்த்தார். அதிலும் இல்லை. இரண்டாவது பெட்டியின் கடைசித் தட்டிலிருந்து, மூலையில் கிடந்ததை எடுத்தார். பிறகு அதற்குப் பக்கத்தில் இருந்ததை. ஏழாவதைப் பிய்த்தபோது அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வர ஆரம்பித்தது. எட்டாவதுக்குக் கை நீண்டது.

மனைவி தட்டை இழுத்து மருமகளிடம் கொடுத்தாள்.

"சீக்கிரம் பையில போட்டு ஒட்டும்மா. இவரை விட்டா நீ மலைக்குக் காம்பைத்தான் கொண்டு போகணும்."