அம்புக்குறி ஒட்டிய வெண்டை

ஆல்வினுக்கு எதையும் சும்மா பார்க்கத் தெரியாது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பதினாறு வருடமாக அவனுக்குப் பார்ப்பதுதான் வேலை. வருகிற ஷூவை ஜோடியாகக் கையில் எடுப்பான். இடதையும் வலதையும் மேலே தொங்கும் சாம்பிளோடு ஒப்பிடுவான். தையல் ஒரு நூல் விலகியிருந்தாலும் அந்த இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்புக்குறியை ஒட்டி ஒதுக்கிவிடுவான். வாயைத் திறக்கவே வேண்டியதில்லை. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. குழம்பில் உப்பு குறைந்தால் தட்டை ஒரு நிமிடம் உற்றுப் பார்ப்பான். அவன் மனைவி மெர்சி எழுந்து போய் உப்பு டப்பாவை எடுத்து வருவாள். அவர்களுடைய குடித்தனத்தில் பாதிப் பேச்சு இப்படித்தான் நடந்தது.

அப்படிப்பட்டவன் வாடகை வீட்டு மொட்டைமாடியில் வெண்டை போட்டான். முதல்முதலாகத் தோட்டம் போடுகிறவர்கள் வெண்டையில் ஆரம்பிக்கலாம், அது யாரையும் கைவிடாது என்று போனில் யாரோ சொன்னதைக் கேட்டதுதான் காரணம். பன்னிரண்டு பைகளில் மண்ணும் எருவும் நிரப்பி, பைக்கு இரண்டு விதை ஊன்றினான். பன்னிரண்டு என்றால் ஆறு ஜோடி.

முளை விட்ட பிறகு அவனுக்கு ஒன்று புரிந்தது. செடியும் பேசாது. அன்றிலிருந்து கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராக மாடிக்குப் போய், கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்துகொள்வான். அவன் செடிகளைப் பார்ப்பான், செடிகள் பாட்டுக்கு நிற்கும். எந்தப் பக்கமும் எந்தப் புகாரும் எழவில்லை. முப்பத்தொன்பது வயதில் அவனுக்கென்று ஓர் இடம் கிடைத்திருந்தது.

அந்த இடத்துக்குத்தான் ஆபத்து வந்தது. கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்காரர் சத்தார் பாய் ஒருநாள் மூச்சிரைக்க மாடியேறி வந்து, பைகளுக்கு அடியில் இருந்த ஈரத்தைக் காலால் தடவிப் பார்த்தார். தோல் வியாபாரத்தில் தலை நரைத்தவர். ஈரம் என்றால் அவருக்கு ஆகாது.

"இங்க பாரு ஆல்வின், தளம் ஊறிப்போனா எனக்குத்தான் பேஜாரு. அடுத்த வெள்ளிக்கெழமைக்குள்ள இதுலேர்ந்து ஒரு வேளைக்குக் காய் என் வீட்டுக்கு வரட்டும். வந்தா பை இருக்கட்டும். வர்லன்னா எறக்கிடு."

ஆல்வின் தலையாட்டினான். அப்போதுதான் பிஞ்சு இறங்கத் தொடங்கியிருந்தது. வேறு யாராக இருந்தாலும் நாலு நாளில் ஒரு கூடை பறித்துக் கொடுத்து விஷயத்தை முடித்திருப்பார்கள். ஆனால் ஆல்வினுக்குச் சாம்பிள் இல்லாமல் கை ஓடாது. மார்க்கெட்டுக்குப் போய், கூடையிலேயே நேரான, நீளமான, ஒரு ஜாண் வெண்டைக்காய் ஒன்றைத் தேர்ந்தெடுத்து வந்து கொடிக்கயிற்றில் தொங்கவிட்டான். வெயிலில் அது இரண்டே நாளில் சுருங்கிப்போகும் என்று தோன்றவே, ஷூ டப்பா மூடியில் அதை வைத்துச் சுற்றிலும் பேனாவால் வரைந்து, அதே அளவுக்கு அட்டையை வெட்டிக்கொண்டான். காய் அட்டைக்குச் சரியாக வந்தால் பறிப்பது. வளைந்தாலோ, புள்ளி விழுந்தாலோ, சொத்தையாக ஏதாவது தெரிந்தாலோ அம்புக்குறி. அம்பு ஒட்டிய காயைப் பறித்துக் குப்பையில் போட்டுவிடும்படி மெர்சியிடம் சொல்லிவைத்தான்.

அவன் வாங்கிய விதை குட்டை ரகம் என்பது அவனுக்குத் தெரியாது. விரல் நீளம் வந்தாலே பறித்துவிட வேண்டிய காய், அட்டை அளவுக்கு எட்டுவதற்காகச் செடியிலேயே நாள்கணக்கில் நின்றது. ஆல்வின் தினமும் அட்டையை வைத்துப் பார்த்தான். கால் அங்குலம் கம்மி. பொறுத்தான். பொறுமை அவனிடம் நிறைய இருந்தது.

இதற்கிடையில் ஒருநாள் மதியச் சாப்பாட்டு டப்பாவில் மெர்சி வெண்டைக்காய்ப் பொரியல் வைத்தாள். வழவழப்பில்லாமல், பல்லில் பட்டதும் கரைந்தது. வீட்டுக்கு வந்ததும் ஆல்வின் தானாக வாயைத் திறந்தான்.

"வெண்டக்கான்னா இப்டி இருக்கணும். எங்க வாங்கின?"

மெர்சி, தெரிந்த இடத்தில் கிடைத்தது என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். அவன் பாராட்டி ஒரு வார்த்தை சொல்லி மூன்று வருடமாகியிருந்தது. அதைக் கெடுத்துக்கொள்ள அவளுக்கு மனமில்லை.

வியாழக்கிழமை மாலை பன்னிரண்டு காய்கள் அட்டையோடு பொருந்தின. ஆல்வின் அவற்றை ஜோடி சேர்த்து, மெல்லிய தாள் சுற்றி, ஷூ டப்பாவில் அடுக்கினான். ஈரம் இழுக்கும் சின்னப் பாக்கெட் ஒன்றையும் பழக்கதோஷத்தில் ஓரத்தில் வைத்தான். கீழே போய் சத்தார் பாயின் கையில் கொடுத்தான்.

பாய் டப்பாவைத் திறந்து, அழகைப் பார்த்து மாஷா அல்லா என்றார். பிறகு ஒரு காயை எடுத்து நுனியை ஒடித்தார். ஒடியவில்லை. கட்டைவிரலால் அழுத்தினார். வளைந்து, மறுபடி நிமிர்ந்தது. வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்த்துத்தான் வாங்குவார்கள் என்பதே ஆல்வினுக்கு அப்போதுதான் தெரிந்தது. காய்கறி எப்போதும் மெர்சி வாங்குவது.

"இது பொரியலுக்கு ஆவாதுப்பா. ஷூவுக்கு சோல் போடலாம்."

ஆல்வின் சுவரைப் பார்த்தான். மாடி, வாளி, சாயங்காலம் எல்லாம் ஒவ்வொன்றாக இறங்கி வருவதுபோல் இருந்தது. பாய் தொண்டையைச் செருமிக்கொண்டு, வருத்தம்தான் என்றாலும் பேச்சு பேச்சுதான் என்று ஆரம்பித்தார்.

உள்ளேயிருந்து அவர் மனைவி பாயம்மா ஒரு தட்டோடு வந்தாள். தட்டில் விரல் நீள வெண்டைக்காய்கள். சில வளைந்திருந்தன, சிலவற்றில் புள்ளி இருந்தது. எல்லாவற்றிலும் ஒரு சிவப்பு அம்புக்குறி.

"தம்பி, அந்த டப்பாவ நீயே எடுத்துட்டுப் போ. மெர்சி குடுக்கற மாதிரி அம்பு போட்டதா பாத்து குடு. எட்டு நாளா அதான் ஆக்கறேன்."

சத்தார் பாய் தட்டைப் பார்த்தார். அந்த எட்டு நாளும் தட்டைத் துடைத்துச் சாப்பிட்டது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். ஆல்வினும் தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். தன் கையால் ஒட்டிய அம்புகள். பொரியலும் நினைவுக்கு வந்தது.

கடைசியில் பாய்தான் பேசினார்.

"பை இருக்கட்டும். செக்கிங்க மட்டும் மெர்சிகிட்ட உட்டுடு."

ஆல்வின் டப்பாவோடு மேலே வந்தான். வாசலில் மெர்சி நின்றிருந்தாள். அவளுக்கு எல்லாம் கேட்டிருக்கும். அவன் மாடிக்குப் போய், முற்றிய காய்களை விதைக்காகக் காயவைத்தான். வாளியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு சட்டைப்பையிலிருந்து அம்புத்தாளை எடுத்து, மூன்றாவது பையில், எந்தக் குறையும் இல்லாத, விரல் நீளப் பிஞ்சு ஒன்றைத் தேர்ந்தெடுத்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தான். மனசே வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒட்டினான்.