மழையில்லாத வாரத்தில் நனைந்த பிளக்

வேலை முடிந்த எந்த வண்டியையும் கழுவாமல் அனுப்புவதில்லை என்பது அந்தப் பட்டறையின் வழக்கம். கழுவுவது எலக்ட்ரீஷியனின் மனைவி. யாரும் அவளைக் கேட்பதில்லை, அவளும் கூலி வாங்குவதில்லை. குழாயைத் திறக்குமுன் கண்மூடி, அந்த வண்டியில் ஏறப்போகிறவர்களுக்காகக் கடவுளிடம் ஒரு வார்த்தை சொல்வாள்.

போன வாரம் அப்படிப் பளபளவென்று போன வேன் இன்று காலை பத்து மணிக்கே திரும்பி வந்தது. ஓட்டி வந்த அக்காவின் முகம் வாடியிருந்தது.

"தம்பி, டேஷ்போர்டுல பிரேக் லைட்டு, சக்கரம் வழுக்குற லைட்டு எல்லாம் ஒண்ணா எரியுது. ரெண்டு மணிக்கு மூணு பேரை டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போகணும்."

"பார்த்துடலாம்க்கா. உக்காருங்க."

எலக்ட்ரீஷியன் கோளாறு காட்டும் ஸ்கேனரை வேனில் மாட்டினார். எஞ்சின் பதில் சொன்னது, கியர் சொன்னது, ஏர்பேக் கூடச் சொன்னது. பிரேக்கைக் கட்டுப்படுத்தும் பெட்டி மட்டும் வாயே திறக்கவில்லை.

"என்ன சொல்லுது?" என்றாள் மனைவி.

"ஒண்ணும் சொல்லல. அதான் கோளாறு."

"கோவம் வந்தா நீங்களும் அப்படித்தானே."

ஃபியூஸ் நன்றாக இருந்தது. பேட்டரியைக் கழற்றிவிட்டு, பெட்டிகள் ஒன்றோடொன்று பேசும் இரட்டைக் கம்பியில் மீட்டரை வைத்தார். அறுபது ஓம் காட்ட வேண்டிய இடத்தில் நூற்றிருபது காட்டியது. கம்பியின் ஒரு முனை சேரவில்லை என்று அர்த்தம்.

"பெட்டியே போயிருக்கும்க்கா. புதுசு வர நாலு நாளாகும்."

"அவங்க ரத்தம் நாலு நாள் காத்திருக்காதே தம்பி."

அதைக் கேட்டபின் அவரால் சும்மா நிற்க முடியவில்லை. பெட்டியின் பிளக் கை நுழையாத இடுக்கில் இருந்தது. சோம்பலை விட்டு, விரலைச் சிராய்த்துக்கொண்டு அதை உருவினார். உள்ளிருந்து ஒரு கரண்டித் தண்ணீர் வழிந்தது. அதன் உலோக ஊசிகளில் பச்சைக் களிம்பு படிந்திருந்தது.

நிமிர்ந்து பார்த்தார். மனைவி தண்ணீர்க் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"மழைத்தண்ணி உள்ள போயிருக்குக்கா," என்றார்.

அக்கா வானத்தைப் பார்த்தாள். "மழை பேஞ்சு ரெண்டு மாசமாச்சே."

"அங்கங்க பேஞ்சிருக்கும்."

"அந்த மழை நான்தான்க்கா," என்றாள் மனைவி, குழாயைக் கீழே வைத்துவிட்டு. "பானெட்டைத் தூக்கி உள்ளேயும் கழுவுனேன். மன்னிச்சிடுங்க."

எலக்ட்ரீஷியன் கையிலிருந்த பிளக்கைத் திருப்பிப் பார்த்தார். அதன் பூட்டு லீவரைத் திறந்ததாகவே அவருக்கு நினைவில்லை. இழுத்ததும் வந்துவிட்டது.

"இது பூட்டியிருந்தா எவ்வளவு தண்ணி அடிச்சாலும் உள்ள போகாது. போன வாரம் மாட்டுனவன் நான். பாதியில விட்டிருக்கேன்."

"சரி, குத்தத்தைப் பங்கு போட்டு முடிச்சீங்கன்னா வேலையைப் பாருங்க," என்றாள் அக்கா.

மனைவி தலைமுடி உலர்த்தும் கருவியைக் கொண்டுவந்தாள். அவர் ஊசிகளைச் சுத்தம் செய்தார், அவள் சூடான காற்றை ஊதினாள். பிளக்கை மாட்டி, கிளிக்கென்று சத்தம் வரும்வரை லீவரை அழுத்தினார். மீட்டர் அறுபதுக்கு வந்தது. பேட்டரியை இணைத்ததும் பிரேக் பெட்டி முதல் ஆளாகப் பதில் சொன்னது. வெளித்தெருவில் இரண்டு முறை ஓட்டி, அழுத்திப் பிரேக் பிடித்துப் பார்த்தார். விளக்குகள் எல்லாம் அணைந்திருந்தன.

மணி ஒன்று. பழக்கதோஷத்தில் மனைவியின் கை குழாயை நோக்கிப் போனது.

"வேண்டுதல் மட்டும் போதும்மா. தண்ணி வேணாம்," என்றாள் அக்கா.

சிரித்துக்கொண்டே மனைவி கண்மூடினாள். அவள் வேண்டி முடிப்பதற்குள் அவர் பானெட்டைத் திறந்து, அந்த லீவரை இன்னொரு முறை அழுத்திப் பார்த்துக்கொண்டார்.