மூன்றாம் மாடிக்கு அனைவரும் வருக

1

இந்தக் கதை பிறந்தது, வேலை போய்விடுமோ என்ற பயத்தில். உன்னதமான காரணம் எதுவும் கிடையாது.

ஒரு கல்லூரியின் எழுத்து உதவி மையத்தில் இருக்கிறேன். கதையோ கவிதையோ எழுதும் மாணவர்கள் வந்தால், பக்கத்தில் உட்கார்ந்து படித்துப் பேசுவது என் வேலை. யாரும் வருவதில்லை. முதல்வர் ஒரு குழு போட்டார். மாணவர்கள் தயங்குகிறார்கள் என்று குழு கண்டுபிடித்தது. உடனே சுவருக்கு இளம்பச்சை அடித்தார்கள், ஜன்னலுக்குத் திரை, தரையில் மெத்தை. கதவைப் பார்த்தால் தயக்கம் வருமென்று கதவையே கழற்றிக்கொண்டு போனார்கள். 'பயப்படாமல் உள்ளே வாருங்கள்' என்று பலகை மாட்டினார்கள். அதுவரை பயப்படாதவர்களும் அதைப் படித்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தார்கள். பிறகு கூட்டம் வந்தது. மெத்தையில் தூங்கிவிட்டுப் போனது.

(மையம் மூன்றாம் மாடியில். லிஃப்ட் கிடையாது. இதை அடிக்குறிப்பில் போடலாம் என்றிருந்தேன். குழுவும் தன் அறிக்கையில் அங்கேதான் போட்டது.)

2

இப்போது கதாநாயகி வருகிறாள். அதாவது, வரவில்லை. அதுதான் கதை.

'ஏக்கம் ததும்பும் கண்களுடன் அந்த இளம்பெண் படிக்கட்டை அண்ணாந்து...'

[அடித்துவிட்டேன். போனில் வாசித்துக் காட்டியபோது, "ஏக்கமா? நான் டீ குடிச்சிட்டிருந்தேன் மிஸ்" என்றாள்.]

விலங்கியல் இரண்டாம் ஆண்டு. எதற்கும் எதிர்வாதம் வைத்திருப்பதால் வகுப்பில் 'வக்கீல்' என்று பெயர். சக்கர நாற்காலியில் வந்து, படிக்கட்டின் அடியிலிருந்து என்னைப் போனில் அழைத்தாள். முதன்முதலாக ஒரு கதை எழுதியிருக்கிறாளாம். ஆய்வகத்தில் அறுபடப் போகும் தவளை, தன்னை அறுக்க வந்த மாணவர்களுக்கு வருகைப்பதிவு எடுக்கிறது. முடிவுதான் வரவில்லை. ஆண்டு மலருக்கு இன்று மாலைக்குள் கொடுத்தாக வேண்டும். போனிலேயே பேசிவிடலாமே என்றேன்.

"போன்ல எல்லாத்துக்கும் நல்லாருக்குன்னு சொல்லிடுவீங்க. மூஞ்சியப் பாத்தாதான் எனக்குத் தெரியும்."

3

நானோ நாற்காலியை விட்டு எழக்கூடாது. முதல்வர் எந்நேரமும் எட்டிப் பார்ப்பார். வரவேற்க ஆளில்லை என்று தெரிந்தால் போதும், இந்த அறையை ஜெராக்ஸ் அறையாக்கிவிடுவார்கள்.

ஆகவே திரைச்சீலைக் கயிறுகளை எல்லாம் முடிந்து, குப்பைக்கூடையைக் கட்டி, அவளை ஜன்னலுக்கு அடியில் வரச்சொல்லி இறக்கினேன். தவளை மேலே வந்தது. நான் குறிப்பெழுதி இறக்கினேன், அவள் மறுப்பெழுதி அனுப்பினாள். வந்து பார்த்த முதல்வர் நெகிழ்ந்துபோனார். மையம் மாணவர்களைத் தேடிச் செல்கிறது என்று சொல்லி, கூடையை மட்டும் படமெடுத்துக்கொண்டார்.

4

இடையிடையே இந்தக் கதையை எழுதினேன். இதையும் கூடையில் வைத்தேன், மூன்று முடிவுகளோடு.

அ) கல்லூரிக்கு லிஃப்ட் வருகிறது. (அவள் குறிப்பு: இது மாயாஜாலக் கதையா?)

ஆ) நண்பர்கள் அவளை நாற்காலியோடு தூக்கி வர, எல்லோரும் கைதட்டு... (தூக்கினவங்களுக்குத்தானே கைதட்டல்?)

இ) தவளைக் கதைக்கு முதல் பரிசு. மேடைக்கு அவள் (நான் இன்னும் எழுதியே முடிக்கல.)

பிறகு அழைத்தாள்.

"எல்லா முடிவுலயும் நான்தான் மேல வரேன். ஏன் மிஸ், அந்தப் படி கீழ இறங்காதா?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. முதல்வர், குழு, நான் என்று இத்தனை பேர் மண்டையைப் பிய்த்துக்கொண்டும் இது ஒருவருக்கும் தோன்றவில்லை.

5

படியில் முதல்வரின் செருப்புச் சத்தம் கேட்கிறது. மேலே வருகிறார். அவர் வரும்போது நான் இங்கே இருந்தால் வேலை இருக்கும். கீழே அவள் கதையில் தவளை இன்னும் ஆய்வக மேசைமேல் கிடக்கிறது. ஆண்டு மலர்க்காரர்கள் கொஞ்ச நேரத்தில் பூட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

இந்தக் கதைக்கு நல்ல முடிவு ஒன்று கைவசம் இருக்கிறது. ஆனால் அதை எழுத நான் இங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். முதல்வரை எந்தப் படியில் எதிர்கொண்டேன், அவர் என்ன கேட்டார், நான் என்ன உளறினேன் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அவள் பக்கத்தில் உட்கார எனக்கு நாற்காலி வேண்டும். அதையும் தூக்கிக்கொண்டு நான் இப்போது